தலை அளவு

ஏப்ரலில் ஒரு செவ்வாய்.
மதியச் சாப்பாடு முடிந்த கையோடு
திருமதி ஹால்வர்சன் ஒரு துணி நாடாவையும்
ஆறு படிவங்களையும் என்னிடம் திணித்தார்.
பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும்
மினியாபோலிஸிலிருந்து வரவேண்டுமாம்.
உயரம், தோள், தலையின் சுற்றளவு.
வெள்ளிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பே ஆறு பேர்தான்.
போன வருடம் ஒன்பது.
மொன்டானாவின் வட ஓரத்தில்,
கோதுமைக்கும் கனடாவுக்கும் நடுவில்,
ரயில் நிற்காது; ஊதிவிட்டுப் போகும்.

முதலில் பிராண்ட்.
நாற்காலியைக் காட்டினேன், மேசைமேல் உட்கார்ந்தான்.
தினமும் போடும் தொப்பி முடியில் பதித்த பள்ளத்திலேயே
நாடாவைச் சுற்றினேன்.
இருபத்து மூன்றரை.
"பார்த்தாயா, மூளை பெரிசு."
தலைக்கனத்துக்கு இதில் கோடில்லை என்றேன்.
சியாட்டில், அலாஸ்கா, எண்ணெய்க் கிணறு, நண்டுப் படகு:
ஒன்பதாம் வகுப்பிலிருந்து
வாரம் ஒரு திசை சொன்னவன்.
காதோரத்தில் வைக்கோல் தூசி.

கார்லிஸ் இரண்டு கையாலும்
கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.
இரண்டாம் வகுப்பில் நானும் இவளும்
ஒரே பேனைப் பங்கிட்டவர்கள்.
பில்லிங்ஸில் செவிலியர் படிப்பு.
ரத்தம் பார்த்தால் மயங்கி விழுவாயே என்றேன்.
"இந்த ஊரில்தான் விழுவேன்" என்றாள்.

ரோலண்டின் தொப்பியில்
குஞ்சத்துக்கு எதிர்ப்பக்கம்
கழுகின் இறகு கட்டவேண்டும்.
ரிசர்வேஷனில் அவன் அத்தை
இரண்டு வருடமாக எடுத்து வைத்திருக்கும் இறகு.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் சாய்த்து எழுதினேன்,
எழுதியதன் கீழே கோடும் போட்டேன்.

சோரனும் நெல்ஸும் இரட்டையர்.
பதினெட்டு வருடத்தில் யாருக்கும் தெரியாத
அரை அங்குலம் இன்று தெரிந்தது.
பெரிய தலை கடற்படைக்குப் போகிறது.
அது இதுவரை கடலைப் பார்த்ததில்லை.
"மொட்டையடித்துவிடுவார்கள், அப்போது சரியாகிவிடும்"
என்றான் நெல்ஸ்.
யாரும் சிரிக்கவில்லை. பிறகு சோரன் சிரித்தான்.

தலையெழுத்து என்று ஒன்று இருந்தால்
நாடா அதன்மேல்தானே போயிருக்கவேண்டும்.
ஐந்து நெற்றியிலும் குனிந்து பார்த்துவிட்டேன்.
பரு. ஹாக்கித் தழும்பு. வியர்வை.

படிவத்தின் கடைசி வரி:
படங்கள் அனுப்ப, செப்டம்பரில் உங்கள் முகவரி.

கார்லிஸ் ஏதோ ஒரு தெருப் பெயரை
கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்,
எழுத்துக்கூட்டி, இருமுறை.
சோரன் நெல்ஸிடம் தள்ளினான்.
நெல்ஸ் இருவருக்கும் ஒரே முகவரி எழுதினான்.
முதலில் எழுதி முடித்தவன் பிராண்ட்.
தபால் பெட்டி நாற்பத்தொன்று.
அவன் அப்பாவின் பெட்டி.
நான் படித்ததை அவன் பார்த்தான்.
பேனா மூடியைக் கடித்தபடி
ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான்,
அங்கே வழக்கம்போல ஒன்றுமில்லை.

என் தலையை யார் அளப்பது?
அவனே வந்தான். விரல்களில் டீசல் வாசனை.
சுற்றினான், விட்டான், மறுபடி சுற்றினான்.
"இருபத்திரண்டு. கொஞ்சம் கூட்டிப் போடட்டுமா?"
போடு என்றேன்.
மிசூலாவில் விடுதி கிடைத்துவிட்டது,
அறை எண் ஜூலையில்தான் சொல்வார்கள்.
அந்த இடத்தை வெறுமையாக விட்டு
உறையை ஒட்டினேன். பசை இனித்தது.

நாடாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.
இரவுச் சாப்பாட்டில்
அப்பாவின் பின்னால் போய் நின்று
நெற்றியிலிருந்து பிடரிக்குச் சுற்றினேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
முள்கரண்டியைத் தட்டோரம் வைத்துவிட்டு
தலையைக் குனிந்து கொடுத்தார்.